ஒரு வாய் சாப்பிட்டால் என்ன?

ஏப்ரல் பிறந்துவிட்டால் தில்லித் தமிழர் வீடுகளில் ஊருக்குப் போகும் பேச்சுதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் சென்னைக்குச் சுமார் 33 மணி நேரம். ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு போகும் பெற்றோருக்கு அந்த 33 மணி நேரமும் ஒரு பரீட்சை. என் மகனுக்கு வயது 12. ஆட்டிசத்துடன், கோதுமையிலுள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயும் அவனுக்கு உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் ஆட்டிசம் குணமாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். அதற்கு உறுதியான சான்று இல்லை. சீலியாக் நோயின் கதை வேறு. அதில் சிறிதளவு கோதுமையும் குடலைப் பாதிக்கும். நோய் எதுவும் இல்லாத ஆட்டிசக் குழந்தைகளிலும் பலருக்கு உணவின் மணமோ, நிறமோ, பதமோ சற்று மாறினால் போதும், தொண்டையில் இறங்காது. இது பிடிவாதமும் அல்ல, செல்லம் கொடுத்ததால் வந்ததும் அல்ல.

"நமக்குத்தான் இட்லி இருக்கிறதே, என்ன கவலை?" என்பார்கள். அரிசியும் உளுந்தும் சரி, சாம்பார்? கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படித்தால் தெரியும். ரவையும் சேமியாவும் கோதுமைதான். ஆகவே மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பெருங்காயம் சேர்க்காத புளிக்காய்ச்சல், அவல் என்று இரண்டு நாள் சாப்பாட்டையும் நாங்களே கட்டிக்கொண்டு போகிறோம்.

சாப்பாட்டைக் கட்டிவிடலாம்; வாய்களைக் கட்ட முடியவில்லை. எதிர் இருக்கை மாமி பிஸ்கெட் நீட்டுகிறார். உறவினர் வீட்டில் கேசரி வருகிறது. "பிரசாதம்தானே, ஒரு வாய் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும்?" எல்லாம் அன்புதான். ஆனால் மறுத்தால் நமக்குத் திமிர் என்று பெயர். ரயில் இரைச்சல் தாங்காமல் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தினால், "வளர்த்த லட்சணம்" என்ற விமர்சனம் வேறு. இதற்குப் பயந்தே ஊருக்குப் போவதை நிறுத்திவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். அந்தக் குழந்தைகளுக்குத் தாத்தா பாட்டி தொலைபேசிக் குரலோடு சரி.

சட்டம் முன்னேறியிருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டப் பட்டியலில் இருந்த 7 குறைபாடுகளில் ஆட்டிசம் இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-இல் அது இடம்பெற்றது. 2022 மே மாதம் ராஞ்சியில் ஒரு சிறப்புக் குழந்தையை விமானத்தில் ஏற்ற மறுத்த நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் பக்கத்து இருக்கைக்காரரின் முகச்சுளிப்பை எந்தச் சட்டம் தடுக்கும்?

அதை நாம்தான் மாற்ற வேண்டும். நம் சங்கத்திலிருந்தே தொடங்கலாம். ஆண்டுச் சுற்றுலா விண்ணப்பத்தில், "உணவில் எதை விலக்க வேண்டும்?" என்று ஒரு வரி சேர்க்கலாம். பொங்கல் விருந்தில் பெருங்காயமில்லாத ஒரு குழம்பைத் தனிக் கரண்டியோடு வைக்கலாம். ஒலிபெருக்கி எட்டாத ஓர் அறையை விழா நாளில் இந்தக் குழந்தைகளுக்காக ஒதுக்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. ரயிலில் இப்படியொரு குடும்பத்தைச் சந்தித்தால், தின்பண்டத்தை நீட்டுமுன் பெற்றோரை ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காமல் விட்டுவிடுங்கள். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான்.