விடுமுறையும் நுளம்பும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கொட்டாஞ்சேனையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் புறப்படும் குடும்பங்கள் பல. பெட்டியில் நுளம்பு வலையையும் மறவாது வைக்கிறோம். இரவிற் கடிக்கும் அனோபிலிசுக்கு அது தக்க காப்பு. 1934-35இல் இலங்கையில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்ட மலேரியாவைப் பரப்பியது அவ்வினமே. 2016இல் இந்நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

ஆனால் டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பது. காலையிலும் மாலையிலுமே அதன் உக்கிரம் மிகுதி. 2017இல் இலங்கையில் 180,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். ஆகவே பகலில் உறங்கும் குழந்தைக்கும் வலை வேண்டும். விளையாடும் பிள்ளைக்குக் கைகால் மூடும் ஆடை வேண்டும். காய்ச்சல் கண்டால் அஸ்பிரின் கொடாது வைத்தியரை நாடுதல் வேண்டும்.

இன்னுமொன்று. பூட்டிய வீட்டின் பூச்சாடியிலும் கூரைப் பீலியிலும் தேங்கும் நீரில், முட்டை ஏழு முதற் பத்து நாளில் நுளம்பாகிவிடும். நாம் ஊரில் நுளம்புக்கு அஞ்சிக்கொண்டிருக்க, நம் வீடோ அயலாருக்கு நுளம்பு வளர்த்துக்கொண்டிருக்கும்! நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே வாளியைக் கவிழ்த்து, சாடியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிய பின்னரே கதவைப் பூட்டுவோமாக.