ஏட்டின் எழுத்தும் வில்லையின் நகர்வும்

சென்ற மாதம் மாணவர் ஒருவர் தம் பாட்டனாரின் வைத்திய ஏடொன்றைத் துண்டு துண்டாகப் படமெடுத்து என்னிடம் கொணர்ந்தார். ஒவ்வொரு படத்திலும் நடுவே எழுத்து முத்துப்போல் இருந்தது. ஓரங்களிலோ புகை படிந்தாற்போன்ற மங்கல். சரக்கின் பெயர் நடுவில். நிறை கால் கழஞ்சா, அரைக் கழஞ்சா என்பது ஓரத்தில்! பழைய ஏடுகளிற் புள்ளியிடும் வழக்கம் அரிது. காலும் ரகரமும் ஒரே வடிவின. தெளிவான எழுத்தே நம்மைத் திணறச் செய்யும். மங்கிய எழுத்தை எங்ஙனம் படிப்பது?

"கை நடுங்கிற்றோ?" என்றேன். நடுங்கியிருந்தால் நடுவும் மங்கியிருக்குமே என்றார். கெட்டிக்காரர். சாதாரண 50 மில்லிமீற்றர் வில்லைக்கும் கமராவுக்கும் இடையே வெற்றுக் குழாயொன்றைப் பூட்டி அண்மையில் எடுத்தாராம். காரணம் விளங்கிவிட்டது.

வில்லைத் தொகுதி முழுவதையும் முன்னே நகர்த்திக் குவிப்பதே பழைய முறை. குழாய் செய்வதும் அதுவே. விம்பம் பொருளளவே அமைய வேண்டின் 50 மில்லிமீற்றர் வில்லை மேலும் 50 மில்லிமீற்றர் முன்செல்ல வேண்டும், ஒளி நாலிலொன்றாகும். இத்தகைய வில்லைகள் தொலைக் காட்சிக்கே திருத்தப்பட்டவை. அண்மையில் அடங்கியிருந்த பிறழ்ச்சிகள் தலைதூக்கும். விம்பத்தளம் கிண்ணம்போல் வளையும். ஏடோ தட்டையானது!

மலிவான கமராக்கள் சிலவற்றில் முன் வில்லையை மாத்திரம் திருகினர். செலவு குறைந்தது, அண்மையில் தெளிவும் குறைந்தது. உள்ளிருக்கும் சிறு தொகுதியை அசைப்பது பிறிதொரு முறை. விரைவாகக் குவியும், ஆயின் குவியத்தூரம் அண்மையிற் பெரும்பாலும் சுருங்கும். 1967இல் நிக்கொன் நிறுவனத்தார் 24 மில்லிமீற்றர் வில்லையொன்றில் உட்பகுதிகளை வெவ்வேறளவில் நகரச்செய்து அண்மைப் பிறழ்ச்சியைத் திருத்தினர். இன்றைய அண்மைப்பட வில்லைகள் பலவற்றில் இவ்வுத்தி உண்டு. (நம் கண் வில்லையின் வளைவை மாற்றிக் குவிக்கிறது, மீனின் கண்தான் கமராவைப்போல வில்லையை நகர்த்துகிறது.)

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுவடிகளும் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் எஞ்சியவற்றைக் காத்துவருகிறது. ஆயினும் கோப்பாய் போன்ற ஊர்களில் வீட்டுப் பரணிற் செல்லரிக்கும் ஏடுகளை வீட்டாரே படமெடுத்தாலன்றி வழியில்லை.

மாணவருக்கு விலையுயர்ந்த வில்லை வாங்க இயலாது. கமராவைத் தாங்கியில் நிறுத்தி, துளையைச் சுருக்கி 11 என்னும் எண்ணில் வைத்து, நேரத்தைக் கூட்டச் சொன்னேன். ஒவ்வொரு துண்டும் அடுத்ததில் பாதியேனும் படிய எடுத்தால், எல்லா எழுத்தும் ஏதாவதொரு படத்தின் நடுவில் வந்துவிடும்.

மறுவாரம் வந்தார். அரைக் கழஞ்சுதான்.