அரை நாள் யானையும் ஆண்டு முழுவதும் யானையும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. அந்த ஆயிரம் பொன் யாருடைய கையில் சேருகின்றது, அதற்கான விலையை யார் கொடுக்கின்றனர் என்ற வினாவை அப்பழமொழி எழுப்பவில்லை. இலங்கையில் செழித்து நிற்கும் யானைச் சபாரித் தொழிலும் அந்த வினாவை விரும்புவதில்லை. ஆகவேதான் அதனை இங்கே எழுப்ப வேண்டியிருக்கின்றது.

ஹபரணைச் சந்தியைக் கடந்து செல்லும் எவரும் அந்த வண்டிகளைக் கண்டிருப்பர். கூரை திறந்த, உயர்ந்த இருக்கைகள் பொருத்தப்பட்ட ஜீப்கள் வரிசையாக நிற்கும். பிற்பகல் இரண்டு மணியளவில் புறப்பட்டு, பொழுது சாயும் வேளையில் திரும்பிவிடலாம். அரை நாளில் காட்டு யானை பார்த்தாகிவிட்டது என்று மனநிறைவுடன் விடுதிக்குப் போய்ச் சேரலாம். மேல்நாட்டு உல்லாசப் பிரயாணிகள் மட்டுமன்றி, விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்திறங்கும் எம்மவர்களும் இப்போது இந்தப் பயணத்தைத் தவறவிடுவதில்லை. அதில் குற்றம் காண நான் முற்படவில்லை. காட்டில் யானையைக் காண்பது பெரும் பேறு. ஆனால் அந்த அரை நாள் எவ்வாறு விற்கப்படுகின்றது, அதனால் வரும் பணம் எங்கே போகின்றது என்பவை நாம் பேசியாக வேண்டிய விடயங்கள்.

முதலில் அந்தக் காட்சி எவ்வாறு உருவாகின்றது என்பதைப் பார்ப்போம். மின்னேரியாக் குளம் கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னனால் கட்டுவிக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த 8,889 ஹெக்டேயர் நிலப்பரப்பு 1997 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. சிறுபோக வேளாண்மைக்காகக் குளத்து நீர் திறந்துவிடப்படும்போது நீர்மட்டம் இறங்குகின்றது. இறங்கிய இடத்தில் ஈரமண்ணில் இளம்புல் முளைக்கின்றது. ஏனைய இடங்களில் காடு காய்ந்து கிடக்கும் ஜூலை முதல் ஒக்டோபர் வரையான மாதங்களில், இந்தப் புல்லையும் நீரையும் நாடி முந்நூறு வரையான யானைகள் குளத்தடியில் கூடுகின்றன. ஆசிய யானைகள் இவ்வளவு பெருந்தொகையில் ஓரிடத்தில் கூடுவது உலகில் மிக அரிது. ஆக, உலகம் வியந்து பார்க்கும் அந்தக் காட்சி இயற்கை தானாக அமைத்துக் கொடுத்ததன்று. ஒரு பழைய அரசன் கட்டிய குளமும், அதன் நீரைத் தன் வயலுக்குப் பாய்ச்சும் விவசாயியும் சேர்ந்து அமைத்தது. வயல் குடித்த நீரின் மிச்சத்தில் முளைத்த புல்லையே யானை தின்கின்றது. சபாரி விளம்பரம் எதிலும் அந்த விவசாயியின் பெயர் இருப்பதில்லை.

இனி, அரை நாளில் நடப்பது என்ன? தாய் யானைகளும் குட்டிகளும் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருக்கும். முதலில் ஒரு ஜீப் வந்து நிற்கும். அதன் சாரதி கைத்தொலைபேசியில் ஏனையோருக்குத் தகவல் சொல்வார். சிறிது நேரத்தில் பத்து, இருபது, பருவகாலத்தின் உச்சத்தில் அதற்கும் மேல் என வண்டிகள் திரண்டு கூட்டத்தைச் சூழ்ந்துகொள்ளும். யானைகள் குட்டிகளை நடுவில் விட்டு நெருங்கி நிற்கும். தலைமை தாங்கும் கிழட்டுப் பெண்யானை காதை விரித்துத் தலையை ஆட்டும். அது மிரட்சியின் அடையாளம். அருகில் வராதே என்ற எச்சரிக்கை. அந்தக் கணத்தில்தான் படப்பிடிப்புக் கருவிகள் ஓயாது இயங்கும். யானையின் அச்சமே நல்ல படமாகிவிடுகின்றது. யானைகள் குளத்தை நோக்கி நகர முயன்றால், முன்னால் போய்ப் பாதையை மறிப்பதற்கும் ஒரு வண்டி இருக்கும்.

பூங்கா விதிகள் இல்லாமல் இல்லை. வண்டியிலிருந்து இறங்கலாகாது, பாதையை விட்டு விலகலாகாது, சத்தமிடலாகாது என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கின்றது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஒரு சில உத்தியோகத்தர்கள், திறந்த குளத்தடியில் நூற்றுக்கணக்கான வண்டிகளை எவ்வாறு கட்டுப்படுத்துவது? சாரதியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமாகாது. பெரும்பாலானோர் லீசிங் முறையில் வண்டி வாங்கி, மாதத் தவணை கட்டித் திண்டாடுபவர்கள். கிட்டப்போய்க் காட்டினால்தான் பயணி கையில் ஏதேனும் வைப்பார். தூரத்தில் நிறுத்தினால் முகம் சுளிப்பார். போதாக்குறைக்கு இணையத்தில் குறைகூறி எழுதுவார். நெருங்கிச் செல்பவனுக்குப் பரிசும் ஒதுங்கி நிற்பவனுக்குத் தண்டனையும் கொடுக்கும் ஒரு முறைமையை அமைத்துவிட்டு, ஒழுக்கம் பற்றிப் போதிப்பது வீண் வேலை.

இந்நாட்டு யானைக்கு இது முதல் அனுபவமன்று. பிரித்தானியர் காலத்தில் யானை வேட்டை துரைமாரின் பொழுதுபோக்காக விளங்கிற்று. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்பவர் 1,400 க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லப்படுகின்றது. அவர் 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். பயிரை அழிக்கும் பிராணி என்று கூறி, யானையைக் கொல்பவருக்கு அரசாங்கமே சன்மானம் வழங்கிய காலமும் அதுதான். துப்பாக்கி இருந்த இடத்தில் இன்று படப்பிடிப்புக் கருவி இருப்பது பெரும் முன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. எனினும் சுற்றி வளைப்பதும் வழிமறிப்பதும் பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டி மகிழ்வதும் வேட்டைக்காரனின் பழக்கங்களே.

இவை யாவும் பூங்காவுக்கு உள்ளே நடப்பவை. எனது முதன்மையான முறைப்பாடு பூங்காவுக்கு வெளியே இருக்கின்றது.

2011 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 யானைகள் இருந்தன. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதத்தில் யானைகள் நடமாடுவதாகவும், அவை நடமாடும் பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதத்தில் மனிதரும் குடியிருப்பதாகவும் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கின்றனர். அதாவது, நம் நாட்டு யானை பூங்காவுக்குள் அடங்கி வாழும் பிராணியன்று. அது விவசாயியின் வளவிலும் வயலிலும் சேனையிலும் வாழ்கின்றது. உல்லாசப் பிரயாணிக்கு அது அரை நாள் யானை. விவசாயிக்கோ ஆண்டு முழுவதும் யானை.

மட்டக்களப்பின் படுவான்கரையை எடுத்துக்கொள்வோம். வெல்லாவெளி, வவுணதீவு, கிரான் போன்ற பிரதேசங்களில் நெல் கதிர் தள்ளும் காலத்தில் விவசாயி வீட்டில் உறங்குவதில்லை. வட்டையில் பரண் கட்டி, தீ மூட்டி, யானை வெடியைக் கையில் வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருப்பான். கடன்பட்டு விதைத்த வேளாண்மை ஒரே இரவில் துவம்சமாகலாம். அறுவடை முடிந்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தாலும் நிம்மதியில்லை. மூட்டையின் மணத்தை மோப்பம் பிடித்த யானை சுவரை இடித்து உள்ளே துதிக்கையை நீட்டும். அந்தச் சுவரின் மறுபுறத்தில் பிள்ளைகள் படுத்திருப்பர். பொழுது புலராமுன் வேலைக்குப் புறப்பட்டவரும் மாலையில் மாடு சாய்க்கப் போனவரும் திரும்பி வராத வீடுகள் அங்கே உண்டு.

மறுபக்கத்தில் யானை படும் பாடும் சொல்லுந்தரமன்று. துப்பாக்கிச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, பழத்துக்குள் ஒளித்துவைக்கப்பட்டு வாயில் வெடித்துத் தாடையைச் சிதறடிக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ என்பவற்றால் அது சாகின்றது. வாய் சிதைந்த யானை உண்ணவும் பருகவும் முடியாமல் பல நாட்கள் வதைபட்டு மடியும். 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 439 யானைகள் மடிந்தன. யானைகளால் 145 மனித உயிர்கள் பலியாகின. 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி, கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஓடும் மீனகயா புகையிரதம் கல்லோயாப் பகுதியில் யானைக் கூட்டமொன்றின் மீது மோதியதில் ஆறு யானைகள் மாண்டன. ஜீப்கள் அணிவகுத்து நிற்கும் ஹபரணைக்கு வெகு அருகில்தான் அது நடந்தது.

இப்போது கணக்கைப் பார்ப்போம். யானையால் வரும் வருமானம் நுழைவுச்சீட்டாகத் திணைக்களத்துக்கும், வாடகையாக ஜீப் உரிமையாளருக்கும், அறைக் கட்டணமாக விடுதிக்கும், தரகாகப் பயண முகவருக்கும் போய்ச் சேருகின்றது. யானையால் வரும் இழப்பு விவசாயியின் தலையில் விழுகின்றது. வரவு ஒருவருக்கு, செலவு வேறொருவருக்கு என்ற இந்த ஏற்பாட்டுக்குத்தான் ‘பாதுகாப்புக்கு உதவும் சுற்றுலா’ என்று பெயர் சூட்டியிருக்கின்றார்கள். உயிரிழப்புக்கும் சொத்திழப்புக்கும் நட்டஈடு உண்டே என்பர். படிவம் நிரப்பி, கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் வாங்கி, பிரதேச செயலகத்துக்கு நடையாய் நடந்து பெறும் அந்தத் தொகையை யானை தரும் வருமானத்தில் பங்கு என்று எவரும் கூறமுடியாது. மண்ணில் விழுந்த பின்னர் கொடுக்கப்படும் ஊன்றுகோல் அது.

சபாரித் தொழிலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களையும் ஒதுக்கிவிடக் கூடாது. அந்நியச் செலாவணி தேவை என்கின்றனர். 2022 இன் நெருக்கடியில் எரிபொருள் வரிசையில் நின்ற எவரும் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் வருமானம் வேண்டும் என்பதனால், அந்த வருமானத்தைத் தரும் பிராணியையே மிரட்டி விரட்டலாம் என்றாகிவிடாது. பயணிகள் வராவிட்டால் யானையைக் காக்க அரசுக்கு அக்கறை வராது என்றும் சொல்கின்றனர். அது உண்மையானால், பயணிகள் எட்டிப் பாராத படுவான்கரை யானைக்கும் வன்னி யானைக்கும் பெறுமதியே இல்லை என்று பொருள். யானையைக் கண்டால் மக்களுக்கு அன்பு பிறக்கும் என்பது மூன்றாவது வாதம். அந்த அன்பின் இலட்சணத்தைப் புத்தல - கதிர்காம வீதியில் பார்க்கலாம். யாத்திரிகர்கள் வண்டியை நிறுத்தி நிறுத்திப் பழம் ஊட்டியதன் பயனாக, வாகனங்களை மறித்து உணவு கேட்கும் யானைகள் அங்கே உருவாகிவிட்டன. காட்டரசனைப் பிச்சைக்காரனாக்கியது வெறுப்பன்று, பொறுப்பில்லாத அன்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018 இல் இயங்கத் தொடங்கிய பின்னர், வறட்சிக் காலத்திலும் மின்னேரியாக் குளத்தின் நீர்மட்டம் இறங்காது நின்ற ஆண்டுகள் உண்டு. புல் முளைக்க வேண்டிய நிலம் நீருக்குள் கிடந்தது. யானை கூடாத நாளில் ஜீப் வண்டிகள் கவுடுல்லைக்கோ ஹுருலு காட்டுக்கோ திரும்பிவிடும், பயணிக்கு நட்டமில்லை. புல்லை இழந்த யானை எங்கே திரும்பும்? பசித்த யானை ஊருக்குள்தான் திரும்பும். குளத்தின் நீர்மட்டத்தைத் தீர்மானிக்கும் கூட்டங்களில் யானைக்காகப் பேச ஓர் ஆசனம் இருந்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

வழி என்ன என்று கேட்பீர்கள். ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களைக் காணச் செல்வோர் ஒரு குழுவில் எட்டுப் பேர் மட்டுமே. பார்க்கும் நேரம் ஒரு மணித்தியாலம். சுற்றுலாவால் பூங்காக்களுக்குக் கிடைக்கும் வருமானத்தில் பத்து சதவீதம் சூழவுள்ள கிராமங்களுக்கு என்று 2017 இல் வகுத்திருக்கின்றார்கள். பெரும் இனப்படுகொலையிலிருந்து மீண்டெழுந்த ஒரு சிறிய நாட்டால் இது முடியுமெனில், நம்மால் ஏன் முடியாது? ஒரு நேரத்தில் உள்ளே செல்லும் ஜீப்களுக்கு எண்ணிக்கை வரம்பு வேண்டும். ஒரு யானைக் கூட்டத்தின் அருகே நிற்கும் வண்டிகளுக்கும் நேரத்துக்கும் வரம்பு வேண்டும். நுழைவுச்சீட்டு வருமானத்தில் ஒரு பங்கு, மின்னேரியாவைச் சூழ்ந்த ஊர்களுக்கு மட்டுமன்றி யானையோடு வாழும் எல்லாப் பிரதேசங்களுக்கும் சட்டப்படி சென்றடைய வேண்டும்.

அந்தப் பணத்தை எதில் செலவிடுவது என்பதற்கும் விடை கையிலேயே இருக்கின்றது. கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 டிசம்பரில் ஒரு தேசிய செயற்திட்டத்தைக் கையளித்தது. மின்சார வேலிகளை இதுவரை பெரும்பாலும் திணைக்களங்களின் நிர்வாக எல்லைகளிலேயே போட்டார்கள். பல இடங்களில் வேலிக்கு இருபுறமும் யானை நிற்கின்றது. யானையைக் காட்டுக்குள் அடைக்க முயல்வதை விடுத்து ஊரைச் சுற்றியும், பயிர்க்காலத்தில் வயலைச் சுற்றியும் வேலியிடுங்கள், அதன் பராமரிப்பில் ஊரவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே அந்தத் திட்டத்தின் சாரம். ஆட்சிகள் மாறின. திட்டமோ பெரும்பகுதி காகிதத்திலேயே தங்கிற்று.

சபாரி செல்ல எண்ணும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. போங்கள். ஆனால் சாரதியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: கிட்டப் போக வேண்டாம், மறிக்க வேண்டாம், எட்ட நின்று பார்த்தால் போதும், உங்களுக்குத் தரவேண்டியதைக் குறையாமல் தருவேன் என்று. திரும்பி வந்த பின்னர் உங்கள் தொகுதி மக்கள் பிரதிநிதியிடம், யானையைக் காட்டி உழைத்த பணத்தில் யானையால் அழிந்தவனுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி நாடாளுமன்றத்தில் ஒலிக்காத வரைக்கும், பரணில் விழித்திருக்கும் விவசாயியின் செலவில்தான் நாம் அனைவரும் யானை பார்த்துக்கொண்டிருப்போம்.