கொல்லிமலை ஆடியோ சொல்லும் பாடம்: வாட்ஸ்அப் பூட்டும் நமது பொறுப்பும்

2019 ஏப்ரல் மாத இறுதியில் ஒரு தொலைபேசி உரையாடல் தமிழகம் முழுவதும் வாட்ஸ்அப்பில் பரவியது. நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தைச் சேர்ந்த, முன்பு அரசு மருத்துவமனையில் பணியாற்றிய ஒரு பெண், பச்சிளம் குழந்தைகளுக்கு விலை சொல்லிக் கொண்டிருந்தார். ஆணுக்கு ஒரு விலை, பெண்ணுக்கு ஒரு விலை, நிறத்திற்கேற்ப ஒரு விலை. பிறப்புச் சான்றிதழுக்கும் ஏற்பாடு உண்டு என்றார். பல ஆண்டுகளாக இதைச் செய்து வருவதாகவும் கூறினார்.

விசாரணை கொல்லிமலை வரை சென்றது. அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் உள்ளிட்ட பலர் கைது செய்யப்பட்டனர். வறுமையில் வாடும் பெற்றோரிடமிருந்து குழந்தைகள் வாங்கப்பட்டுக் கைமாற்றப்பட்டன என்பது குற்றச்சாட்டு. வழக்கு சிபிசிஐடி வசம் சென்றது.

இச்சம்பவத்தின் கொடுமை பற்றி அன்று நிறையப் பேசினோம். அதில் நாம் கவனிக்கத் தவறிய மற்றொரு பாடமும் இருக்கிறது. இருவருக்குள் முடிந்திருக்க வேண்டிய பேச்சு இலட்சக்கணக்கான கைப்பேசிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இங்கே அது ஒரு குற்றத்தை அம்பலப்படுத்தியது, நல்லதுதான். ஆனால் அதே வழியில் நம் குடும்பப் பேச்சும் நாளை வெளியே போகலாம்.

வாட்ஸ்அப் 2016 முதல் 'எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன்' என்ற பூட்டைப் போட்டிருக்கிறது. அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் எவரும் படிக்க முடியாது என்பது இதன் பொருள். இந்தப் பூட்டு காப்பது செய்தி செல்லும் பாதையை மட்டுமே. பெறுபவர் அதை இன்னொருவருக்கு அனுப்பினாலோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ, அவரது கைப்பேசி வேறொருவர் கைக்குப் போனாலோ பூட்டால் பயனில்லை. பாதையின் இரு முனைகளையும் காப்பது நம் பொறுப்பு.

முதலில் வீடு. கணவர் வளைகுடாவில், பிள்ளைகள் வெளியூரில், பெற்றோர் ஊரில் என்று வாழும் நம் குடும்பங்களுக்கு வாட்ஸ்அப்தான் முற்றமும் திண்ணையும். மோசடிக்காரர்கள் நுழைவதும் அங்கேதான். தெரிந்தவர் எண்ணிலிருந்தே செய்தி வரும்: "தவறுதலாக ஒரு ஆறு இலக்க எண் உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்புங்கள்." அனுப்பிய மறுநிமிடம் நம் கணக்கு அவர்கள் கையில். பிறகு நம் பெயரிலேயே உறவினர்களிடம் அவசரப் பணம் கேட்பார்கள். கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்பு அனுப்பி, கைப்பேசியையே கைப்பற்றுவதும் நடக்கிறது.

ஆகவே, அந்த ஆறு இலக்க எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. செட்டிங்ஸில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு ரகசிய எண் வைக்க வேண்டும். 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியில் தெரியாத கணினி இணைந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். யார் பணம் கேட்டாலும், அழைத்துக் குரலைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. வீட்டிலுள்ள முதியவர்களின் கைப்பேசியில் இவற்றைச் செய்து கொடுப்பது பிள்ளைகளின் கடமை.

அடுத்து வேலையிடம். எந்த வீட்டில் பிரசவம், எந்தக் குடும்பம் கடனில் தவிக்கிறது என்பது போன்ற தகவலுக்கும் விலை உண்டு என்பதைக் கொல்லிமலை வழக்கு உணர்த்துகிறது. மருத்துவமனை, பள்ளி, டிராவல்ஸ், ஜமாஅத் அலுவலகம் என எங்கு பணிபுரிந்தாலும் பிறருடைய ஆதார், பாஸ்போர்ட் நகல்கள், மருத்துவ அறிக்கைகள் நம் கைப்பேசிக்கு வருகின்றன. உதவி கேட்டு வரும் ஏழைக் குடும்பத்தின் விவரங்களும் வருகின்றன. அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். குழுக்களில் போடுவதற்கு உரியவை அல்ல. வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். பணியிலிருந்து விலகியவரை அலுவலகக் குழுவிலிருந்து அன்றே நீக்க வேண்டும்.

நம் கைக்கு வந்து சேர்வதிலும் எச்சரிக்கை தேவை. அந்த ஆடியோ வெளிவருவதற்கு ஓராண்டு முன்பு, 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததற்காகக் கும்பலால் அடித்தே கொல்லப்பட்டார். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியே காரணம். உண்மையான ஆடியோவும் பொய்யான வதந்தியும் ஒரே வழியில்தான் நம்மிடம் வருகின்றன. விசாரிக்காமல் பிரித்தறிய முடியாது.

உண்மையாகவே ஒரு குற்றத்தின் ஆதாரம் கிடைத்தால் என்ன செய்வது? குழுக்களில் பரப்பாமல் காவல்துறையிடம் கொடுக்க வேண்டும். குழந்தைகள் தொடர்பானதென்றால் 1098 எண்ணுக்கு அழைக்கலாம். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், முகவரியை வெளியிடுவது 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 எண்ணுக்கு அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிக்கொண்டே இருக்கும்.

இன்றிரவு குடும்பமாக அமரும்போது பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டிலுள்ள ஒவ்வொரு கைப்பேசியிலும் அந்த ரகசிய எண்ணைப் போட்டு விடுவோம். எதை அனுப்புகிறோம், யாருக்கு அனுப்புகிறோம் என்று ஒரு நொடி நின்று பார்க்கும் பழக்கத்தையும் அன்றே தொடங்குவோம்.