பர்மாவிற் பொருத சேனை

கல்லலிலும் அதனையடுத்த ஊர்களிலும் பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கும் மாளிகைகளைக் காண்போர், அந்நாட்டில் ஈட்டிய பொருளையும், 1942-இல் ஜப்பானியர் புகுந்தபோது இழந்த பொருளையும் நினைவுகூர்வர். அந்நாட்டை மீட்கப் பொருத சேனையை நினைப்பார் யாவர்?

1943-இல் தளபதி ஸ்லிம் தலைமையில் அமைந்த பதினான்காம் சேனை, பிரிட்டிஷ் சேனையெனப் பெயர் பெற்றதாயினும், அதன் வீரருட் பெரும்பாலார் இந்தியரே. முதல் உலகப்போரில் மெசபொத்தேமியாவிற் பணியாற்றிய மதராஸ் சாப்பர் படையினர் இச்சேனையிலும் பாலமும் பாதையும் அமைத்தனர். 1944-இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் ஜப்பானியரைத் தடுத்த இச்சேனை, 1945 மார்ச்சில் மாந்தளையைக் கைக்கொண்டது; மே மாதத்தில் இரங்கூனும் மீட்கப்பட்டது. இரங்கூனுக்கு வடக்கே தவுக்கியானில், கல்லறையும் அறியப்படாத ஏறக்குறைய 27,000 வீரரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

அன்னியராட்சிக்காகப் பொருதவரைப் போற்றுதல் தகுமோவென வினவுவாருளர். எதிரணியில் நின்ற இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாத் தமிழர் பலர் சேர்ந்தமையை யாம் மறந்திலேம். அவர்தம் தியாகம் போற்றற்குரியதே. எனினும் வயிற்றுப்பாட்டிற்காகப் படைபுகுந்த ஏழையின் உயிரும் உயிரன்றோ? அடைக்கலான் குருவியையும் மறவாத இறைவன்முன் இருசாராரும் ஒருநிகரே.

ஆதலின் மாணவ நண்பர்காள்! நம் வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் பழங்கடிதங்களையும் பதக்கங்களையும் தேடி, அவற்றிற்குரியார் பெயர்களைக் குறித்து வைப்போமாக. இழந்த பணத்திற்கு ஐந்தொகை எழுதிய நாடு, இழந்த உயிர்களுக்கும் ஓரேடு எழுதுதல் கடனாம்.