பதின்மூன்று வயதுக் கதாநாயகி

ஸ்ரீதேவியின் கலைவாழ்வைச் சாதனை என்று மட்டுமே போற்றுவோர் அதன் தொடக்கத்தை மறந்துவிடுகின்றனர். 1963இல் பிறந்த அவர், 1967இல் வெளிவந்த ‘கந்தன் கருணை’யிற் பால முருகனாகத் தோன்றியபோது அவருக்கு நான்கு வயதும் நிரம்பவில்லை. 1976இல் ‘மூன்று முடிச்சு’ வெளிவந்தபோது பதின்மூன்று வயது. அப்படத்தில் வளர்ந்த ஆடவர் இருவர் விரும்பும் பெண்ணாகவும், பின் அவருள் ஒருவனுக்குச் சிற்றன்னையாகவும் நடித்தார். பாடசாலைப் பருவம் அங்கேயே விலையாயிற்று.

திறமை இளமையிலேயே வெளிப்படும். அதனைத் தடுக்கலாமா என்பர் சிலர். ஸ்ரீதேவியின் ஆற்றலை மறுப்பாரில்லை. 2004இல் ‘மாலினி ஐயர்’ தொலைக்காட்சித் தொடரிலும், 2012இல் ‘இங்கிலிஷ் விங்கிலிஷ்’ படத்திலும் அவர் அதனை மீண்டும் நிறுவினார். ஆயின் ஒருவர் வென்றமை, கல்வியும் இழந்து புகழும் இழந்த பிள்ளைகளுக்கு ஈடாகாது.

சிறுவர் கலைஞரின் வேலையை நாளொன்றுக்கு ஐந்து மணித்தியாலத்துக்கு மேற்படாது வரையறுத்து, வருமானத்தில் 20 வீதத்தையேனும் அவர்தம் பெயரில் வைப்பிலிடப் பணிக்கும் விதியை இந்தியா 2017இலேயே இயற்றியது. ‘கந்தன் கருணை’க்கு அது அரை நூற்றாண்டு பிந்தியது.

2023இல் தமிழகத் தொலைக்காட்சி ஒன்றின் பாட்டுப் போட்டியில் யாழ்ப்பாணச் சிறுமியொருவர் முதலிடம் பெற்றார். குடாநாடு மகிழ்ந்தது, அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயின் அவ்வழியே தம் பிள்ளையையும் சின்னத்திரைக்கோ சினிமாவுக்கோ அனுப்ப விழையும் பெற்றோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: வேலைநேரம் எவ்வளவு? தவறும் பாடங்களுக்குப் பொறுப்பு எவர்? ஊதியம் எவர் பெயரில்? இவற்றுக்கு எழுத்தில் விடை பெறாது பிள்ளையை ஒளிவிளக்கின் முன் நிறுத்துதல் கலைத்தொண்டு ஆகாது.