வாசலில் கண்ணாடி, சுவருக்குள் பழைய கம்பி

காரியாலயக் கதவுகளின் இலக்கப் பலகைகளைப் புதுப்பித்துவிட்டோம் என்று நிர்வாகங்கள் பெருமை பேசும்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: பலகைக்குப் பின்னால், சுவருக்குள் ஓடும் கம்பியில் எதை மாற்றினீர்கள்? பெரும்பாலும் பதில் வருவதில்லை. பொத்தான்கள் இருந்த இடத்தில் கண்ணாடி வந்திருக்கும். அதற்கு நீல ஒளியும் வந்திருக்கும். கம்பியில் மட்டும் அதே வீகாண்ட் முறை.

1980களில் நிலைபெற்ற முறை அது. தரவுக்கு இரண்டு கம்பிகள். ஒன்றில் துடிப்பு வந்தால் பூச்சியம், மற்றதில் வந்தால் ஒன்று. நீங்கள் அழுத்தும் இலக்கங்கள் எந்த மறைப்புமின்றி உள்ளேயிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போகின்றன. அட்டையைக் காட்டினால் வழக்கமாக 26 பிட்டுகள்: இடத்தின் எண்ணுக்கு 8, அட்டை எண்ணுக்கு 16, சரிபார்ப்புக்கு 2. விரல் ரேகைக் கருவியையே பூட்டினாலும், அது இதே கம்பியில் பேசினால், ரேகையின் மகத்துவமெல்லாம் கடைசியில் இந்தச் சில பிட்டுகளுக்குள் சுருங்கிவிடும். பலகையைக் கழற்றிக் கம்பிகளில் ஒரு சிறு கருவியைக் கவ்வவிட்டால், போகும் எண்களைப் பதிவுசெய்து பின்னர் ஆறுதலாகத் திருப்பி அனுப்பலாம். 2015இல் லாஸ் வேகாஸ் பிளாக் ஹட் மாநாட்டில் ஆய்வாளர் இருவர் அத்தகைய கருவியைச் செய்தே காட்டிவிட்டனர்.

'திருடன் கம்பியைத் தேடியா வருவான்? யன்னலை உடைப்பான்' என்கிறார்கள். உடைத்த யன்னல் காலையில் தெரியும். கம்பிவழி வந்தவனோ பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதிவிட்டுப் போகிறான். விசாரணையில் நிற்கப்போவது அவனல்ல, அந்த அட்டைக்குரிய எழுதுவினைஞர். 2006இல் உதயன் காரியாலயத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்தவர்களை எந்த இலக்கப் பலகையும் தடுத்திராது. அது வேறு கதை. நான் சொல்வது சத்தமின்றி வருபவர்களைப் பற்றி. தகவல் தந்தவரின் பெயருள்ள கோப்பு ஒரு பத்திரிகைக் காரியாலயத்தில் எங்கே இருக்கும் என்பதை அறிந்தவர்களைப் பற்றி.

மாற்றுவழி இல்லாமலில்லை. ஓ.எஸ்.டி.பி. என்னும் முறை 2020இல் சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் நியமமாயிற்று. இருவழிப் பேச்சு, ஏ.ஈ.எஸ். 128 மறைகுறியாக்கம், ஆர்.எஸ். 485 கம்பியில் 1,200 மீற்றர் வரை எட்டும். பலகையும் கட்டுப்பாட்டுக் கருவியும் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது செலவுதான். ஆனால் குறுகிய தூரங்களில் பழைய கம்பியையே பெரும்பாலும் பயன்படுத்தலாம். சுவரை உடைக்க வேண்டுமே என்ற சாட்டு எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

இங்கேதான் ஒப்பந்தக்காரரின் சாமர்த்தியம் தொடங்குகிறது. அந்த நியமத்தில் மறைகுறியாக்கம் கட்டாயமில்லை, விருப்பத்துக்குரியது. அதை அணைத்து வைத்தாலும் கதவு திறக்கும், பில்லில் புதுமுறை என்றே எழுதலாம். போதாக்குறைக்கு, உலகறிந்த தொடக்கச் சாவி ஒன்றை மாற்றாமலே விட்டுப்போகிறார்கள். 2023இல் அதே மாநாட்டில் வேறு இருவர் இந்த ஓட்டைகளையும் அம்பலப்படுத்தினர். வீகாண்ட் விற்றவர்களையாவது மன்னிக்கலாம். அவர்கள் பூட்டாத பெட்டியைப் பூட்டியதாகச் சொல்லி விற்கவில்லை.

ஆகவே நிர்வாகிகளே, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: மறைகுறியாக்கம் இயங்க வேண்டும், சாவி நமக்கே உரியதாக இருக்க வேண்டும், மறைப்பின்றிப் பேசும் பலகையைக் கட்டுப்பாட்டுக் கருவி ஏற்கக் கூடாது. கையளிக்கும் நாளன்று உங்கள் முன்னாலேயே பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே அலாரம் ஒலிக்காவிட்டால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.